செகரட்டரி தலைக்கு மேல் ஓர் எட்டு

ஜலஜா மொட்டை மாடியில் எட்டு வரைந்ததில் யாருக்கும் ஒரு கஷ்டமும் இருந்திருக்க நியாயமில்லை. ராஜா அண்ணாமலைபுரத்தில் மூன்று மாடி அடுக்ககம் அது. மேலே தண்ணீர்த் தொட்டி, சில துணிக்கொடிகள், துருப்பிடித்த டிஷ் ஆன்டெனாக்கள், இவற்றுக்கு நடுவே சும்மா வெயில் காய்ந்துகொண்டு கிடந்த இடம். அங்கே ஆனி மாதத்தில் ஒரு நாள் வெள்ளைப் பெயின்ட் டப்பாவும் பிரஷுமாகப் போய், தெற்கு வடக்காகப் பெரிய எட்டு ஒன்று போட்டாள். எட்டு நடையைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள் இன்று தமிழ்நாட்டில் யாரும் இல்லை. தினமும் காலையில் அந்தக் கோட்டின் மேலேயே வளைந்து வளைந்து நடந்தால் சர்க்கரை இறங்கும், முட்டி வலி போகும், மூச்சு சீராகும் என்கிறார்கள். சித்தர்கள் சொன்னார்களோ வாட்ஸ்அப் சொன்னதோ, ஜலஜாவுக்குச் சர்க்கரை இறங்கியது.

அவளுக்கு அது பொழுதுபோக்கு இல்லை. கூடப் பிறந்த அக்காவுக்கு இதே சர்க்கரையில்தான் போன வருஷம் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள். மயிலாப்பூர்த் தேர் பார்க்கக் கூட்டத்தில் முண்டியடித்துக்கொண்டு ஓடின கால். அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே ஜலஜாவின் டாக்டர், நடந்தால் பிழைப்பீர்கள், இல்லையென்றால் அக்காவுக்கு ஆனதுதான் உங்களுக்கும் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். தொலைபேசி இலாகாவில் முப்பது வருஷம் உட்கார்ந்தே வேலை பார்த்த உடம்பு. அதை எழுப்பி நடக்க வைக்க அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

பூங்காவுக்குப் போவதுதானே என்பீர்கள். நடுவில் இருக்கிற ரோட்டை எதற்காகத் தோண்டினார்கள் என்பது தோண்டினவர்களுக்கே மறந்து போயிருந்தது. தகரத் தடுப்புக்கும் சாக்கடைக்கும் நடுவே ஒரு ஆள் பக்கவாட்டில் போகிற அளவுக்குத்தான் வழி. அதிலும் எதிர்ப்பக்கமாக மோட்டார் சைக்கிள் வரும். அதனால்தான் மொட்டை மாடி.

அடுக்ககச் சங்கத்தின் செகரட்டரி துரைராஜிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டுதான் வரைந்தாள். அவர் நெல்லைப் பக்கத்துக்காரர். தி.நகரில் பெரிய பாத்திரக்கடை. மகன்கள் தலையெடுத்த பிறகு கடையில் அவருக்கு வேலை இல்லை. நாய்க்கு வேலையில்லை, நிற்க நேரமில்லை என்பார்களே, அந்த மாதிரி கார் நிறுத்துமிடத்துக்கும் மோட்டார் ரூமுக்கும் நடந்துகொண்டிருப்பார். மாடியில் நடக்கட்டுமா என்று கேட்டதற்குத் தாராளமாக நடங்கள் என்றார். இரண்டு மாதம் கழித்து ஏதோ குழாய் பார்க்க மேலே வந்தவர், அவள் நடப்பதையும் காலடியில் இருந்த கோட்டையும் பார்த்தார். குழாயைப் பார்க்காமலே இறங்கிப் போனார். அவர் குடியிருப்பது மூன்றாவது மாடியில், அந்த இடத்துக்கு நேர் கீழே.

அடுத்த வாரம் மொட்டை மாடிக் கதவில் பூட்டுத் தொங்கியது. சங்கக் கூட்டத்தில், ஆட்கள் நடந்து நடந்து தளத்தின் ஓடு விரிந்துவிட்டது, மழைக்காலத்தில் ஒழுகும், இனி டேங்க் கழுவுகிறவனைத் தவிர யாரும் மேலே போகக்கூடாது என்று தீர்மானம் போட்டார். எல்லோரும் தலையாட்டினார்கள். நீங்கள்தானே சரி என்றீர்கள் என்று ஜலஜா எழுந்து கேட்டாள்.

"நடக்கத்தான் சொன்னேன். படம் வரையச் சொல்லலியே" என்றார். கூட்டம் சிரித்தது. ஜலஜாவின் கணவரும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, அவள் முகத்தைப் பார்த்ததும் இருமினார்.

வேறு வழி இல்லாமல் ரோட்டில் நடக்கப் போனாள். நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, தகரத் தடுப்பு ஓரமாக எதிரே வந்த வண்டிக்கு ஒதுங்கினவள் பள்ளத்தில் விழுந்தாள். இடது மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் போட்டார்கள். எலும்பு கூடியது, ஆனால் கோணலாகக் கூடியது. அந்தக் கையால் இனிமேல் இட்லிப் பானையைத் தூக்க முடியாது.

துரைராஜ் மனைவியோடு ஆப்பிள் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். சோபாவில் சாய்ந்து உட்கார்ந்து, இந்த வயதில் ரோட்டில் எதற்கு நடை, வீட்டுக்குள்ளேயே நாலு வேலையைச் செய்தால் போதாதா, எங்கள் வீட்டில் எல்லாம் அப்படித்தான் என்றார். போகும்போது உடம்பைப் பார்த்துக்கொள்ளும்படி வேறு சொல்லிவிட்டுப் போனார். அந்த நிமிஷத்தில்தான் ஜலஜா முடிவு செய்தாள். இந்த மனுஷனைச் சும்மா விடுவதில்லை. எப்படி என்று அப்போது தெரியாது.

எப்படி என்பதை மறுநாள் மத்தியானம் தேவானை வந்து சொன்னாள். துரைராஜின் மனைவி. வாய் திறந்து பேசி யாரும் பார்த்திராதவள். தூக்குவாளியில் ரசத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, புடவை தரையைக் கூட்ட நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

"ஒழுகுறதாவது ஒண்ணாவது. அவுகளுக்கு எட்டுன்னா ஆகாதுக்கா" என்றாள். "எட்டுதான் ஒனக்குச் சனின்னு சின்ன வயசுலயே சோசியர் சொல்லிட்டாராம். காரு நம்பரக்கூட கூட்டிப் பாத்துத்தான் வாங்குவாக. கட்டிலுக்கு நேர் மேல எட்டு கெடக்குன்னதும் ஆடிப்போயிட்டாக. பூட்டுதுக்கு மொத நாளு அழிச்சிட்டு வான்னு ஒரு ஆளை அனுப்புனாக. அந்தப் புண்ணியவான் வெள்ளக் கோட்டு மேலயே அச்சா கறுப்புப் பெயின்ட அடிச்சிட்டுப் போயிட்டான்."

கறுப்பு சனிக்கு உகந்த நிறம். வெறும் எட்டாக இருந்தது, ஆள் வைத்துக் கூலி கொடுத்ததில் சனீசுவரனுக்கே உரிய எட்டாக ஆகிவிட்டது. இனி அதைக் கண்ணால் பார்க்கவும் பயம், தொடவும் பயம். ஆகவே பூட்டு. வெளியே சொன்னால் படித்தவர்கள் சிரிப்பார்கள் என்று ஒழுகுகிற கதை. இவ்வளவையும் சொல்லிவிட்டுத் தேவானை காலி வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பாவம், சூதுவாது தெரியாமல் உளறிவிட்டுப் போகிறாள் என்று ஜலஜா நினைத்தாள்.

சிரிப்பு வரவில்லை அவளுக்கு. ஓடு விரிந்தது நிஜமாக இருந்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். ஒருத்தருடைய அசட்டுப் பயத்துக்காகத் தன் கை போயிற்று, அடுத்தது காலும் போகப்போகிறது என்று நினைக்க நினைக்க வயிறு எரிந்தது.

ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்கள். ஜலஜாவின் கோபம் ஆறவேயில்லை. அவளே அதைத் தினம் அடுப்பில் வைத்துச் சூடு பண்ணிக்கொண்டிருந்தாள். ஐப்பசி, கார்த்திகை முழுவதும் வீட்டுக்குள்ளேயே நடந்தாள். சாப்பாட்டு மேஜையை ஒரு சுற்று, ஃப்ரிட்ஜ் ஓரம் திரும்பி ஹாலில் ஒரு சுற்று. கட்டில் முனை முட்டியில் இடிக்கும். நாலு எட்டு வைப்பதற்குள் சுவர் வந்துவிடும். டிவி முன்னால் கணவர் நீட்டியிருக்கிற காலைத் தாண்ட வேண்டும். விட்டுத் தொலையேன் ஜலஜா என்பார் அவர். ஒவ்வொரு திருப்பத்திலும் துரைராஜை மனசுக்குள் வைதுகொண்டே நடந்தாள். கார்த்திகைக் கடைசியில் ரத்தம் சோதித்தபோது சர்க்கரை பழையபடி ஏறியிருந்தது. உள்ளங்காலில் பஞ்சை வைத்துத் தைத்தாற்போல ஒரு மரமரப்பு. அக்காவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது.

மார்கழி பிறந்தது. வாசல் கோலம் வழக்கமாக வாட்ச்மேன் அசோகனின் மனைவி போடுவாள். இந்த மாதம் முழுக்க நான் போடுகிறேன் என்றாள் ஜலஜா.

"கை இப்டி கீது, நீங்க இன்னாத்துக்கும்மா குனிஞ்சிகினு" என்றான் அசோகன்.

"வலது கை நன்னாத்தானே இருக்கு" என்றாள் ஜலஜா.

சிக்குக் கோலம் தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. புள்ளி வைத்து, கோட்டை அறுக்காமல் புள்ளிகளைச் சுற்றிச் சுற்றி இழுத்துக்கொண்டு வருவது. இரண்டு புள்ளிகளுக்கு நடுவே கோடு பின்னிக்கொள்கிற இடமெல்லாம் ஓர் எட்டு விழும். மயிலாப்பூரில் பிறந்த கை, தூக்கத்திலும் இழுக்கும். எந்தக் கோலத்தில் எட்டு அதிகம் வருமோ அதைப் பார்த்துப் பார்த்துப் போட்டாள். கேட்டை அடைத்து ஒரு கோலம், எட்டும் எட்டும் கைகோத்துக்கொண்டு. லிஃப்ட் வாசலில் சின்னதாக ஒன்று. கார் நிறுத்துமிடத்தில் எல்லோருடைய கார் முன்னாலும் ஆளுக்கொன்று, பாரபட்சமில்லாமல். துரைராஜின் கார் முன்னால் மட்டும் கொஞ்சம் பெரிதாக.

முதலில் அவர் கவனிக்கவில்லை. பாடசாலைப் பையன்கூட எட்டைக் கண்டால் எட்டு என்பான், ஆனால் கோலத்தை யார் எழுத்துக் கூட்டிப் படிக்கிறார்கள். ஒரு நாள் காலை, கோவிலுக்குக் கிளம்பியவர் கேட்டருகே நின்றுவிட்டார். முதல் மாடி பால்கனியில் துண்டு உலர்த்துகிற சாக்கில் ஜலஜா பார்த்துக்கொண்டிருந்தாள். அவருடைய ஆள்காட்டி விரல் காற்றில் ஒரு வளைவு போட்டது, இன்னொரு வளைவு போட்டது. தூக்கின கால் அப்படியே பின்னால் போயிற்று. அன்றைக்குச் சர்க்கரை இல்லாத காபி அவளுக்குத் தித்தித்தது.

பக்கத்துச் சின்னக் கேட் வழியாகப் போக ஆரம்பித்தார். மறுநாள் அங்கேயும் கோலம் இருந்தது. கோலமாவில் கால் வழுக்குகிறது, எறும்பு வருகிறது, கோலத்தைத் தவிர்க்கலாம் என்று வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி போட்டுப் பார்த்தார். மார்கழியில், அதுவும் இந்தப் பேட்டையில், கோலம் வேண்டாம் என்று சொன்னவனை விட்டுவைப்பார்களா? சாமியே இல்லை என்கிற இரண்டாம் மாடிக்காரர்கூட இது நம் பண்பாடு என்று சண்டைக்கு வந்தார். கடைசியில் ஜலஜாவின் கோலம் பிரமாதம் என்று அவரே எழுதி, கும்பிடு படமும் போட வேண்டியதாயிற்று.

சனி பிடித்தவனுக்குச் சந்தையிலும் கந்தை அகப்படாது என்று பெரியவர்கள் சொன்னது, தனக்குச் சனி பிடித்துவிட்டது என்று நம்புகிறவனுக்கு இன்னும் பொருந்தும். கார் டயரில் ஆணி ஏறினால் எட்டு. கடையில் பழைய ஆள் ஒருத்தன் வேலையை விட்டுப் போனால் எட்டு. சாப்பிடும்போது நாக்கைக் கடித்துக்கொண்டாலும் எட்டு. தேவானை மாடிப்படியில் ஜலஜாவைக் கடக்கும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டே இந்தச் சேதிகளை ஒவ்வொன்றாகக் கொடுத்துவிட்டுப் போனாள். பிறகு அவர் இறங்குவதையே நிறுத்திக்கொண்டார். பேப்பரைக்கூட மேலே கொண்டுவரச் சொல்கிறார், முகம் வீங்கிப்போய்க் கிடக்கிறார் என்றான் அசோகன்.

பாவமாக இருந்ததா அவளுக்கு என்று கேட்டால், இல்லை. நாலு சுவருக்குள் சுற்றிச் சுற்றி வரட்டும், எனக்கு எப்படி இருந்தது என்று தெரியட்டும் என்றுதான் இருந்தது. மறுநாள் லிஃப்ட் வாசல் கோலத்தில் இன்னும் ஒரு வரிசை புள்ளி கூட்டினாள்.

மார்கழி முடியப்போகிற சமயத்தில் துரைராஜ் படி வழியாக இறங்கி ஜலஜாவின் வீட்டுக்கு வந்தார். இந்தத் தடவை ஆப்பிள் இல்லை. சோபாவில் சாயவும் இல்லை. உங்களுக்கு என்ன வேண்டும், சொல்லிவிடுங்கள் என்றார்.

"மொட்டை மாடிச் சாவி."

சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டார். அவ்வளவு சுலபமாக அது வந்ததில் ஜலஜாவுக்கு ஏமாற்றமாகப் போயிற்று. ஒரு சாவிக்கா இத்தனை மாதம் வெந்தோம் என்று ஆத்திரம் இன்னும் ஏறியது.

"போறாது. அந்தக் கறுப்பு மேல திரும்ப வெள்ளை அடிக்கணும். ஆள் வெச்சு இல்லை. உங்க கையால" என்றாள்.

"அது என் தலைக்கு நேர் மேல இருக்கும்மா."

ஜலஜா இடது கையை எடுத்து மேஜையின் மேல், சாவிக்குப் பக்கத்தில் வைத்தாள். மணிக்கட்டு ஒரு பக்கம் பிதுங்கி, கை ஒரு பக்கம் போனது. அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தனக்குத்தானே கணக்குப் போட்டுக்கொண்டார் போலிருக்கிறது. எட்டு அங்கே இருக்கத்தான் போகிறது, கறுப்புக்கு வெள்ளை தேவலை. அடித்துவிட்டால் கோலத்தை நிறுத்திவிடுவீர்களா என்று கேட்டார். தை பிறந்தால் ஒரு கோலமும் இருக்காது என்று ஜலஜா வாக்குக் கொடுத்தாள். தை பிறக்க இன்னும் நாலைந்து நாள்தான் இருந்தது என்பதும், மார்கழி முடிந்தால் அவள் தானாகவே நிறுத்தியிருப்பாள் என்பதும் பயத்தில் அந்த மனுஷனுக்குத் தோன்றவில்லை.

போகியன்று காலை, ஊரெல்லாம் புகையாக இருந்தபோது, துரைராஜ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மொட்டை மாடியில் மண்டியிட்டார். ஜலஜா பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். வடக்கு வளைவு சப்பையாக இருக்கிறது, திரும்பப் போடுங்கள் என்றாள். கறுப்பு தெரிகிறது, இன்னொரு கை அடியுங்கள் என்றாள். அவர் வாய்க்குள் ஏதோ மந்திரம் சொல்லிக்கொண்டே அடித்தார். வியர்வை மூக்கு நுனியில் நின்று சொட்டியது. அதைப் பார்க்க அவளுக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. அதில் வெட்கமும் படவில்லை.

பொங்கல் எல்லாம் முடிந்த பிறகு ஒரு காலையில் மறுபடியும் நடக்கத் தொடங்கினாள். ஒரு பத்து நிமிஷம் ஆகியிருக்கும், படிக்கதவு திறந்து தேவானை வந்தாள். எப்போதும் தரையைக் கூட்டும்படி புடவை கட்டுகிறவள், அன்று கொசுவத்தைத் தூக்கி இடுப்பில் செருகியிருந்தாள். நேரே வந்து கோட்டில் இறங்கி, ஜலஜாவின் பின்னால் நடக்க ஆரம்பித்தாள். நடை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. எட்டின் நடுவில் இருவரும் எதிரெதிராக வந்தபோது ஜலஜா வழிவிட ஒதுங்கினாள். அப்போதுதான் தேவானையின் வலது காலைப் பார்த்தாள். சுண்டு விரலும் அதற்கு அடுத்த விரலும் இல்லை.

"எப்போ?" என்றாள் ஜலஜா.

"போன தையில. வெளிய சொல்லக்கூடாதுன்னுட்டாக" என்றாள் தேவானை. நடந்துகொண்டே சொன்னாள். சர்க்கரை வந்த நாளிலிருந்து டாக்டர் நடக்கச் சொன்னாராம். பெரிய வீட்டுப் பொம்பளை தெருவில் நடப்பதா, மாடியில் நாலு பேர் பார்க்கச் சுற்றுவதா, வீட்டு வேலையைவிட என்ன நடை என்று துரைராஜ் அனுப்பவே இல்லையாம். ஜலஜா நடந்த நாட்களில் படிக்கதவின் பின்னால் நின்று பார்த்துவிட்டுப் போவாளாம்.

ஜலஜா நின்ற இடத்தில் நின்றுவிட்டாள். ரச வாளியோடு வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தவள் ஒன்றும் தெரியாமல் உளறிவிட்டுப் போனவள் இல்லை. மாடிப்படியில் கிடைத்த ஒவ்வொரு சேதியும் அளந்து கொடுத்தது. எய்தவள் இவள், அம்புதான் ஜலஜா. அதில் அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஒரு மணிக்கட்டுக்கு இத்தனை கோபம் தனக்கு இருந்ததென்றால், இந்தக் காலுக்கு எவ்வளவு இருந்திருக்கும் என்றுதான் தோன்றியது.

படியில் செருமல் கேட்டது. துரைராஜ் கதவருகே வந்து நின்றார். வாசற்படியைத் தாண்டவில்லை. காபி எங்கே என்று கேட்டவர், மனைவி எதன் மேல் நடக்கிறாள் என்பதைப் பார்த்தார். இறங்கு கீழே என்று அதட்டினார். மோட்டார் பார்க்க வந்திருந்த அசோகன் தொட்டிக்குப் பின்னால் அப்படியே நின்றான்.

தேவானை தெற்கு வளைவைச் சுற்றி முடித்துவிட்டுத்தான் திரும்பினாள்.

"கல்யாணமான நாள்லேருந்து நீங்க எந்தலை மேல நடந்தீக. இனி கொஞ்ச நாளைக்கி நான் ஒங்க தலை மேல நடந்துக்கிடுதேன். காப்பி நீங்களே போட்டுக்கிடுங்க."

குரலை உயர்த்தவில்லை. துரைராஜ் ஜலஜாவைப் பார்த்தார், ஏதோ அவளாவது நியாயம் சொல்வாள் என்பதுபோல.

"சார், இந்தக் காலோட வெறும் தரையில நடக்கப்படாது" என்றாள் ஜலஜா. "கீழே போய் அவா செருப்பை எடுத்துண்டு வாங்கோ."

தான் போய் எடுத்து வருகிறேன் என்று அசோகன் நகர்ந்தான். நீ இரு அசோகா என்று ஜலஜா கையைக் காட்டி நிறுத்தினாள். தேவானை மறுபடி நடந்தாள். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத் துரைராஜ் இறங்கிப் போனார். இனி வரமாட்டார் என்று அசோகன் நினைத்திருப்பான். ஜலஜாவும் அப்படித்தான் நினைத்தாள்.

வந்தார். ஒரு ஜோடி செருப்பைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, உடம்பிலிருந்து தள்ளி. கோட்டுக்கு வெளியே வைத்துவிட்டுப் போகப் பார்த்தார். தேவானை எட்டின் நடுவில் நின்றுகொண்டு நகரவில்லை. அவர் ஒரு காலை உள்ளே வைத்தார், பிறகு இன்னொரு காலை. தான் போட்ட வெள்ளைக் கோட்டின் மேல் நின்று குனிந்து செருப்பை அவள் காலடியில் வைத்தார்.

தேவானை வலது காலை நீட்டினாள். விரல் இல்லாத காலில் செருப்பு தானாக ஏறாது. வாரை அவர்தான் பிடித்து மாட்ட வேண்டியிருந்தது.